கண் சிமிட்டும் வெப்சைட்

அக்டோபர் 6

அக்கா,

நான்தான். கடிதத்தைப் பார்த்ததும் வீட்டில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துவிடாதே. எல்லோரும் நன்றாகத்தான் இருக்கிறோம். அம்மாவுக்கு இந்த வாரமும் வார்டில் நைட் டியூட்டி. அப்பா முன்னறைக் கடையில் கம்ப்யூட்டர்களுக்கு நடுவில் நாற்காலியிலேயே தூங்கிவிட்டார். அவருடைய குறட்டை நிற்கும்போதெல்லாம் நான் அறிவியல் நோட்டை மேலே இழுத்து இந்தத் தாளை மூடிவிடுகிறேன். குறட்டை திரும்பியதும் எழுதுகிறேன். அதனால் வாக்கியம் எங்காவது அறுந்து போனால் பொறுத்துக்கொள்.

உன் விலாசத்தை அம்மாவின் கைப்பையில் பார்த்து எழுதிக்கொண்டேன். அம்மாவின் ஃபோனை அப்பா தினமும் வாங்கிப் பார்க்கிறார். கடைக் கம்ப்யூட்டரில் நான் என்ன திறந்தேன் என்பதையும் பார்க்கிறார். நான் போடும் தபால் ஒன்றுதான் அவர் பார்க்காதது. பதில் எழுதினால் எதிர்க்கடைத் தையல்காரம்மா பெயருக்கு அனுப்பு. கேட்டேன். "நான் துணி தைக்கிறவ, ரகசியம் தைக்கிறவ இல்ல" என்றாள். பிறகு, "சரி வரட்டும், பாவம்" என்றாள்.

போன செவ்வாய்க்கிழமை கண் டாக்டர் வந்தார். ஆஸ்பத்திரியைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் மாற்றிவிட்டார்களாம். புது விலாசம், புது நம்பர். அப்பா செய்து கொடுத்த வெப்சைட்டில் மாற்றிக் கொடுக்கச் சொன்னார். அப்பா அந்த வெப்சைட்டைத் திறந்து காட்டினார். உனக்குத் தெரியுமே, வீணை மாதிரி ஒரு சத்தம் வரும், பெரிய கண் ஒன்று மெல்லத் திறக்கும், நாலு தடவை சிமிட்டும், நாம் மவுஸை நகர்த்தும் பக்கமெல்லாம் கருவிழி திரும்பும். நாற்பது நொடி. டாக்டர் பொறுமையாக நின்றார். பிறகு தன் ஃபோனை எடுத்துக் காட்டினார். அதில் சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி மட்டும் இருந்தது.

"இது என்னங்க?"

"அது ஃபோனோட குறை டாக்டர். கம்ப்யூட்டர்ல பாக்கச் சொல்லுங்க."

"கண்ணு தெரியாம என்கிட்ட வர்றவங்க முதல்ல கம்ப்யூட்டர் வாங்கிட்டு வரணுமா?"

அப்பா சிரித்து மழுப்பினார். "அரை மணி நேர வேலை, நாளைக்கே முடிச்சிடலாம்" என்று அனுப்பி வைத்தார். அப்புறம் டிராயரைத் திறந்து கறுப்பு டிஸ்க்கை எடுத்தார். எதைத் திருத்துவதென்றாலும் வேண்டிய சோர்ஸ் ஃபைல்கள், பதினோரு வாடிக்கையாளர்களுடையதும் அதில்தானே இருந்தன. செருகிப் பார்த்தால் காலி. மூன்று கம்ப்யூட்டரிலும் செருகிப் பார்த்தார். காலி.

 அப்புறம் அம்மாவிடம், "போறப்ப துடைச்சிட்டுப் போயிருக்கா. பன்னிரண்டு வருஷ உழைப்பு" என்றார்.

"அவ அப்படிப் பண்ணுவாளா?" என்றாள் அம்மா.

"பண்ணிட்டாளே. இதோ இருக்கே."

அக்கா, அந்த டிஸ்க்கில் இருந்தது வேறு எங்காவது இருக்குமா? உன் பையில், உன் ஆபீசில், எங்காவது? இருந்தால் உடனே அனுப்பு. யார் துடைத்தார்கள் என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது.

உன் தங்கை

அக்டோபர் 13

ஓட்டைவாய்க்கு,

ஏழு மாதத்துக்குப் பிறகு வீட்டிலிருந்து வந்த முதல் கடிதத்தில் நான் ஒரு திருடி என்று தெரிந்துகொண்டேன். சந்தோஷம்.

அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் வார்டு ஃபோனிலிருந்து பேசுகிறாள். சாப்பிட்டாயா, தூங்கினாயா, காய்ச்சல் இல்லையே, வைக்கட்டுமா. இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நான் துடைக்கவில்லை. அன்றைக்கு நடந்தது உனக்குத் தெரியாது, நீ ஸ்கூலில் இருந்தாய். இதே கண் டாக்டர் வந்திருந்தார். அவர் முன்னாலேயே நான், "சார், இந்தக் கண்ணை ஓட வைக்கிற ப்ளக்-இன்னை வருஷக் கடைசியோட எல்லா பிரவுசர்லயும் நிறுத்தப்போறாங்க. இப்பவே மாத்திடறது நல்லது" என்று சொல்லிவிட்டேன். அவர் போனதும் அப்பா, "என் கடையில உக்காந்துக்கிட்டு என் வேலையையே குறை சொல்றியா? எந்திரி" என்றார். எழுந்துவிட்டேன். ஒரு பையோடு கிளம்பினேன். டிராயர் பக்கம்கூடப் போகவில்லை.

வேறு பிரதி இல்லை. இன்னொரு டிஸ்க்கில் எடுத்து வைக்கலாம் என்று மூன்று தடவை சொன்னேன். "இருக்கிறது போதாதா" என்றார்.

இனி என்ன செய்யலாம் என்று கேட்பாய். சர்வரில் இருப்பது கட்டி முடித்துப் பூட்டிய ஃபைல். பார்க்கலாம், திருத்த முடியாது. பிரித்தெடுக்கும் கருவிகள் இருக்கின்றன, ஆனால் நம் கடை வேலையைப் பிரித்தாலும் பயனில்லை. அந்த ப்ளக்-இன்னில் எழுத்து உடைந்து உடைந்து தெரிகிறது என்று அப்பா ஒவ்வொரு எழுத்தையும் படமாக்கிவிடுவார். டாக்டரின் நம்பர் நம்பரே இல்லை. வரிசையாக ஒட்டிய குட்டிக் குட்டிப் படங்கள். தேடினால் கிடைக்காது. நகல் எடுக்க முடியாது. பெரிதாக்கிப் பார்க்க முடியாது. பார்வை இல்லாதவர்களுக்குப் பக்கத்தை வாசித்துச் சொல்லும் மென்பொருள் அங்கே வந்தால், ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்விடும். கண் ஆஸ்பத்திரியில்!

அப்பாவிடம் சொல். கண்ணைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு வெள்ளைப் பக்கம் ஒன்று போடட்டும். பெயர், விலாசம், நம்பர். போதும்.

இங்கே எனக்கு அதுதான் வேலை. பழைய ப்ளக்-இன்னில் செய்த வெப்சைட்டுகளைத் திறப்பது, உள்ளே இருப்பதைப் பார்த்து வெறும் எழுத்தில் திரும்ப எழுதுவது. ஒரு நாளைக்கு இருபது. கூடத்தில் நாற்பது பேர், எல்லோர் காதிலும் ஹெட்ஃபோன். எனக்கு இரண்டு மேசை தள்ளி இருப்பவர் நேற்றுத் தும்மினார். அவர் குரலை அப்போதுதான் முதல் முறையாகக் கேட்டேன். அறைக்கு வந்தால் ஜன்னலுக்கு எதிரே சுவர். சரி, அதை விடு.

படிப்பைப் பார்.

அக்கா

அக்டோபர் 20

அக்கா,

நீ 'சந்தோஷம்' என்று எழுதியிருந்த இடத்தில் பேனா தாளைக் கிழித்திருந்தது. அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வெள்ளைப் பக்கம் போடலாமே என்று நானே யோசித்ததுபோல அப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன். "வெறும் பக்கமா? அதுக்கு டாக்டர் ஒரு அட்டையில எழுதி கேட்ல மாட்டிக்கலாமே" என்றார். கண்ணை முதலிலிருந்து திரும்ப வரைந்துகொண்டிருக்கிறார். கீழிமை வரை வந்திருக்கிறார். முடி வரவில்லை. இமைமுடியெல்லாம் நீ வரைந்தது என்பதை அவர் சொல்லவில்லை, ஆனால் ஒவ்வொரு முடியையும் பத்துத் தடவை போட்டு அழிக்கிறார்.

இப்போது நான் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். அம்மா வர இன்னும் நாலு மணி நேரம் இருக்கிறது. அதற்குள் எழுதாவிட்டால் எழுதவே மாட்டேன்.

டிஸ்க்கைத் துடைத்தது நான்.

நீ போன அன்று ஸ்கூலிலிருந்து வந்தேன். உன் பை மாட்டும் ஆணி காலியாக இருந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. அப்பா கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டு இருந்தார், அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். ராத்திரி சாப்பாட்டுக்கு மூன்று தட்டு வைத்தபோதுதான் எனக்குப் புரிந்தது. நீ எனக்கு ஒரு துண்டுச் சீட்டுகூட வைக்கவில்லை. தலையணைக்குக் கீழே, என் புத்தகங்களுக்குள், ஷூவுக்குள், எல்லா இடத்திலும் தேடினேன்.

மூன்றாம் நாள் ஸ்கூல் நாடக வீடியோவை வீட்டுக்குக் கொண்டுவர ஒரு டிஸ்க் வேண்டியிருந்தது. டிராயரைத் திறந்தேன். கறுப்பு டிஸ்க்கின் மேல் உன் கையெழுத்தில் சீட்டு: 'தங்கச்சி தொடக்கூடாது. தொட்டால் கை போகும்.' பக்கத்தில் ஒரு கத்தரிக்கோல் படம்.

டிராயரில் வேறு இரண்டு டிஸ்க் இருந்தன. இரண்டிலும் இடம் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

எல்லாம் அழிந்துவிடும், சரியா என்று கம்ப்யூட்டர் கேட்டது. சரி என்று அழுத்தினேன். உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்துகூடப் பார்க்கவில்லை. உன்னுடையது என்று மட்டும் தெரியும். கடையின் வேலை முழுக்க அதில் இருக்கிறது என்று சத்தியமாகத் தெரியாது. அப்புறம் அந்தச் சீட்டை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டேன்.

அப்பா டிராயரைத் திறந்த அன்று நான் வாசலில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தேன். அவர் மூன்று கம்ப்யூட்டரிலும் செருகிப் பார்த்து முடிக்கும்வரை லேஸைக் கட்டிக்கொண்டே இருந்தேன்.

நீ இனிமேல் என்னோடு பேசாவிட்டால் அது நியாயம்தான். ஆனால் பேசு.

தங்கை

நவம்பர் 8

வேலை அதிகம், அதனால்தான் தாமதம் என்று எழுதலாம். பொய்யாக இருக்கும். மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். மூன்றும் உன் வயதுக்கு அதிகம்.

அந்த டிஸ்க்கில் அப்பாவின் வேலை மட்டும் இல்லை. பதினாறு வயதிலிருந்து நான் வரைந்ததெல்லாம் அதில் இருந்தது. ஓடுகிற நாய் ஒன்று இருந்தது, அது ஓடுவதற்கு நூற்றுப்பன்னிரண்டு படம் வரைந்தேன். ஒரு மழை இருந்தது. யாருக்கும் காட்டியதில்லை. வீட்டில் ஒரு டிராயருக்குள் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டுதான் இங்கே படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தேன். இப்போது அந்த நினைப்பும் இல்லை.

கிளம்பிய அன்று உன் ஸ்கூல் வாசல் வரைக்கும் வந்தேன். மணி அடிக்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. பஸ்ஸுக்கு இருபது நிமிஷம். காவலாளி, "யாரைப் பாக்கணும்?" என்றார். "யாரையும் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன். நின்றிருக்க வேண்டும். அடுத்த பஸ் இருந்தது.

அதற்காக நீ செய்தது சரியாகிவிடாது.

அப்பாவிடம் நீயே சொல். உனக்காக நான் சொல்ல மாட்டேன். சொல்லும்வரை எனக்கு எழுதவும் வேண்டாம்.

அக்கா

நவம்பர் 16

அக்கா,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். இன்னும் சொல்லவில்லை. இரண்டு தடவை அவர் பக்கத்தில் போய் நின்றேன். "என்ன?" என்றார். ஒரு தடவை "தண்ணி வேணுமாப்பா" என்றேன். இன்னொரு தடவை "ஒண்ணுமில்ல" என்றேன்.

நேற்று கண் டாக்டர் வந்து கத்தினார். அவர் கத்தி நான் கேட்டதே இல்லை. முன்னறைக்கும் உள்ளுக்கும் நடுவிலிருக்கும் திரைக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

ஒரு குழந்தைக்குத் தரை கழுவும் மருந்து கண்ணில் தெறித்துவிட்டது. மூன்று வயசு. அதன் அம்மா எப்போதோ ஆபீஸ் கம்ப்யூட்டரில் பார்த்து ஆஸ்பத்திரி நம்பரையும் விலாசத்தையும் பேனாவால் எழுதி வைத்திருந்தாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு அங்கே ஓடியிருக்கிறாள். கேட்டில் பூட்டு. நம்பரில் யாரும் எடுக்கவில்லை. பக்கத்து ஜெராக்ஸ் கடையில் புகுந்து, "கொஞ்சம் கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்லுங்க" என்று கெஞ்சியிருக்கிறாள். அவர்கள் திறந்தார்கள். இசை வந்தது. கண் திறந்தது. சிமிட்டியது. குழந்தை கத்துகிறது அக்கா, அந்தக் கண் நாற்பது நொடி சிமிட்டியிருக்கிறது. அப்புறம் விலாசப் பக்கம் வந்தது, அதே பழைய விலாசம். வேறு பக்கத்தில் இருக்குமோ என்று பின்னால் போகும் பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள். அது வெப்சைட்டை விட்டே வெளியே தள்ளிவிட்டது. மறுபடி திறந்தார்கள். மறுபடி இசை, மறுபடி நாற்பது நொடி. கடைசியில் ஜெராக்ஸ் எடுக்க வந்த யாரோ ஒருவர், "அவங்க பாலத்துக்கு அந்தப் பக்கம் போயிட்டாங்களே" என்றாராம்.

"கண்ணு தப்பிச்சிடுச்சு. ஜெராக்ஸ் கடைக்காரர் விடாம தண்ணி ஊத்திக் கழுவிக்கிட்டே இருந்திருக்கார். அவர் புண்ணியம்" என்றார் டாக்டர். "அரை மணி நேர வேலைன்னு சொன்னீங்க. ஆறு வாரம் ஆச்சு."

அப்பாவின் முகம் எனக்குத் தெரியவில்லை. குரல்தான் கேட்டது. "என் பெரிய பொண்ணு பண்ண வேலை டாக்டர். எல்லா ஃபைலையும் துடைச்சிட்டுப் போயிட்டா."

திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்திருக்க வேண்டும். கை திரையில்தான் இருந்தது. வரவில்லை.

 நான் சொல்லாமல் இருப்பது வேறு. அந்த நம்பர் அங்கேயே இருப்பது வேறு. முதலில் நம்பரையாவது மாற்றிவிடலாம். வெள்ளைப் பக்கம் எப்படி எழுதுவது என்று எனக்கு எழுதி அனுப்பு. நான் பார்த்து அடிக்கிறேன். என் மேல் இருக்கும் கோபத்தை இதில் காட்டாதே.

தங்கை

நவம்பர் 21

பின்தாளில் பதினான்கு வரி இருக்கிறது. எல்லாமே கையால் எழுதியது, கோடு கோணலாக இருந்தால் நிதானமாகப் பார். கூர் அடைப்புக்குறி ஒன்றைத் திறந்தால் மூட வேண்டும். சாய்கோடு எந்தப் பக்கம் சாய்கிறது என்று கவனி. பன்னிரண்டாவது வரிதான் முக்கியம், ஃபோனில் நம்பரைத் தொட்டால் நேராக அழைப்பு போகும். புது நம்பரை டாக்டர் கொடுத்த அட்டையைப் பார்த்து அடி. இரண்டு தடவை சரிபார்.

சர்வர் பாஸ்வேர்ட் டிராயரின் அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும். அப்பா மாற்றியிருக்க மாட்டார்.

கடைக்காரருக்குத் தெரியாமல் அவர் வாடிக்கையாளரின் பக்கத்தை மாற்றுவது தொழிலில் தப்பு. இரண்டு நாள் யோசித்தேன். அந்த ஜெராக்ஸ் கடையை நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

பழைய ஃபைலை அழிக்காதே, பெயரை மட்டும் மாற்றி வை. அந்த வீட்டில் அழித்தது போதும்.

அக்கா

நவம்பர் 29

அக்கா,

போட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை ராத்திரி. அப்பா அன்று அதிசயமாக உள்ளறையில் படுத்தார். கம்ப்யூட்டர் விசிறிச் சத்தம் கேட்டுவிடுமோ என்று அதன் மேல் என் ஸ்வெட்டரைப் போர்த்தினேன். சூடாகி இன்னும் அதிகமாகக் கத்தியது. எடுத்துவிட்டேன்.

முதலில் பக்கம் வெறுமையாக வந்தது. எதையோ கெடுத்துவிட்டேன் என்று அழுகை வந்துவிட்டது. ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் பார்த்தேன். ஒன்பதாவது வரியில் ஒரு அடைப்புக்குறியை மூடவில்லை. மூடியதும் வந்துவிட்டது. வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து. தட்டியதும் உடனே வருகிறது, இசை இல்லை, ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். என்னைத் தவிர யாரும் பார்க்கவில்லை என்பது ஒரு மாதிரி இருந்தது.

காலையில் தையல்காரம்மாவின் ஃபோனில் சோதித்தேன். நம்பரைத் தொட்டதும் நிஜமாகவே மணி அடித்தது. பயந்து ஃபோனை அவள் கையில் கொடுத்துவிட்டேன். "ஹலோ... இல்லங்க, கண்ணுக்கு ஒண்ணுமில்ல... ஊசியில நூல்கூட நானேதான் கோக்கிறேன்... சும்மா பண்ணேன், வெச்சிடறேன்" என்றாள். அரை நிமிஷம் நான் சிரித்தேன். இந்த மாதத்தில் சிரித்தது அது ஒன்றுதான்.

ஒன்பது மணிக்கு அப்பா பார்த்தார்.

"உள்ள புகுந்துட்டா" என்றார். "தூரத்துல இருந்துக்கிட்டே உள்ள புகுந்துட்டா. இப்படி எழுதத் தெரிஞ்சது அவ ஒருத்திதான்."

நான் இதை நினைத்தே பார்க்கவில்லை அக்கா. நம்பரை மாற்றினால் போதும் என்று மட்டும்தான் நினைத்தேன். உன்மேல் இன்னொன்றையும் ஏற்றிவிட்டேன்.

அன்று முழுக்க அவர் வாடிக்கையாளர்களுக்கு ஃபோன் செய்தார். பதினோரு பேருக்கும். "என் பெரிய பொண்ணு நாசம் பண்றா, உங்க சைட்ல ஏதாவது மாறியிருந்தா உடனே சொல்லுங்க." பதினோரு தடவை கேட்டேன். டாக்டர் மட்டும், "இப்பத்தான் ஒழுங்கா இருக்கு, அதுல யாரும் கை வைக்காதீங்க" என்றார் போலிருக்கிறது. அப்பா பாதியில் வைத்துவிட்டார்.

இப்போது உன் கம்பெனிக்கு எழுதப் போகிறாராம். இப்படிப்பட்டவளை வேலைக்கு வைத்திருக்கிறீர்களே என்று. அம்மாவிடம் கம்பெனி பெயரைக் கேட்டார். "எனக்கு எங்க ஞாபகம் இருக்கு?" என்றாள் அம்மா. இன்றைக்கும் கேட்டார். அம்மா எத்தனை நாள் மறந்துகொண்டே இருப்பாள்?

சொல்லப் போகிறேன். இந்த வாரம். 

தங்கை

டிசம்பர் 4

வாலு,

சொல்லாதே.

முன்னால் நான் சொல்லச் சொன்னது கோபத்தில். இப்போது உட்கார்ந்து யோசித்துச் சொல்கிறேன். அவர் கோபம் இங்கே வரைக்கும் வராது, வந்தாலும் தாளில்தான் வரும். நீ அந்த வீட்டில், அந்தத் திரைக்கு இந்தப் பக்கம், இன்னும் மூன்று வருஷம் இருக்க வேண்டியவள். அவர் பேசாமல் இருந்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் கிளம்புவதற்கு முந்தின வருஷம் ஒரு தடவை பதினெட்டு நாள் அப்படி இருந்தேன். சாப்பாட்டுத் தட்டின் சத்தம் மட்டும் கேட்கும்.

கம்பெனிக்கு எழுதினால் எழுதட்டும். நான் பார்த்துக்கொள்கிறேன். எனக்குப் பழகிவிட்டது.

பரீட்சைக்குப் படி. ஒன்பதாவது வரியை நீயே கண்டுபிடித்தாயே, அதை நினைத்துக்கொண்டு படி.

அக்கா

டிசம்பர் 27

அக்கா,

உன் கடிதம் வந்தபோது நான் சொல்லி முடித்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

அன்று அவர் மேலிமை முடி வரைந்துகொண்டிருந்தார். பின்னால் போய் நின்றேன். "தண்ணி வேண்டாம்" என்றார், நான் கேட்பதற்கு முன்னாலேயே.

"அப்பா, டிஸ்க்கைத் துடைச்சது நான்."

"எந்த டிஸ்க்கு?"

"கறுப்பு டிஸ்க்கு. அக்கா போன மூணாவது நாள். டாக்டர் பக்கத்தை மாத்தினதும் நான்தான்."

அவர் திரும்பவில்லை. "அவளைக் காப்பாத்தறியா? உனக்கு அதெல்லாம் எழுத எங்க தெரியும்?"

"அக்கா தாள்ல எழுதி அனுப்புனா. பாத்து அடிச்சேன்."

எழுந்து நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தேன். "அடி" என்றார். தாள் உள்ளே இருந்தது, எடுக்கவிடவில்லை. ஞாபகத்திலிருந்து அடித்தேன். அவர் பின்னால் நின்றார். பதினோரு வரி வந்தது. பன்னிரண்டாவதில் நின்றுவிட்டது. "நம்பரைத் தொட்டா ஃபோன் போகும், அந்த வரி. மறந்துடுச்சு" என்றேன்.  "போய்ப் படு" என்றார்.

அப்புறம் பேசவில்லை. நீ சொன்னதுபோலத்தான். தட்டுச் சத்தம் மட்டும். அம்மா எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து, ரெண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பேசிப் பார்த்தாள். பிறகு அவளும் நிறுத்திவிட்டாள். ஸ்கூலில் யாரிடமும் சொல்ல முடியவில்லை. ராத்திரி உன் கடிதங்களை வரிசையாக வைத்து எண்ணினேன். நாலுதான் இருந்தன. நிறைய இருப்பதுபோல நினைத்திருந்தேன்.

ஒன்பதாம் நாள் காலையில், ஞாயிற்றுக்கிழமை, வாசலில் நின்றுகொண்டு, "ஷூ மாட்டு" என்றார்.

எங்கே என்று கேட்கப் பயம். நடந்தோம். முதலில் டயர் கடை. முதலாளி எழுந்து நாற்காலி போட்டார். அப்பா உட்காரவில்லை.  "என் பெரிய பொண்ணப் பத்தி உங்ககிட்ட தப்பாச் சொல்லிட்டேன். அவ ஒண்ணும் பண்ணல" என்றார். கை என் பக்கம் வந்தது, என் பெயர் வரும் என்று தலையைக் குனிந்துகொண்டேன். கை பாதியில் நின்றுவிட்டது. "என் வீட்டுலதான் தப்பு நடந்தது" என்று மட்டும் சொன்னார்.

முதலாளிக்கு ஒன்றும் புரியவில்லை. "அதை விடுங்க. என் சைட்ல டயர் சுத்திக்கிட்டே வருமே, அது நல்லா இருக்குல்ல?"

"வருஷக் கடைசியோட நின்னுடும். டயர் மட்டுமில்ல, எதுவுமே தெரியாது. பெரியவ அப்பவே சொன்னா. நான் கேக்கல."

அடுத்து டிரைவிங் ஸ்கூல். அடுத்து சாவிக்கடை. அடுத்து, அடுத்து. ஒவ்வொரு இடத்திலும் நின்றுகொண்டே சொன்னார். மூன்றாவது கடையில் 'பெரியவ' என்ற இடத்தில் குரல் சிக்கியது. ஆறாவது கடைக்குப் பிறகு சிக்கவில்லை, பாடம் ஒப்பிப்பதுபோல வந்தது. நாலு பேர், இனிமேல் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். சரி என்றார். கடைக்கும் கடைக்கும் நடுவில் என்னோடு ஒரு வார்த்தை இல்லை, ஆனால் ரோட்டைத் தாண்டும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

கடைசியாகப் பாலத்தைத் தாண்டிக் கண் டாக்டர். அவர், "அந்த வெள்ளைப் பக்கம் அப்படியே இருக்கட்டும்" என்றார். "நேத்து ஒரு பெரியவர் எழுத்தைப் பெருசு பண்ணிப் பண்ணி அவரே படிச்சிட்டு வந்தாராம். பெருமையாச் சொல்றாரு." அப்பா தலையாட்டினார். மேலிமை வரை முடித்துவிட்டேன் என்று சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

பதினோரு பேரிடமும் சொல்லிவிட்டார். உன்னிடம் சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை என்று நினைக்கிறேன். அதனால் நடந்ததையெல்லாம் நான் எழுதுகிறேன். மன்னிக்கச் சொல்லி எழுதவில்லை, என்னையும் சரி, அவரையும் சரி. உனக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது பாலத்து நடுவில் நின்றார். "அவ அட்ரஸ் உனக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியும்பா."

அதற்கு மேல் கேட்கவில்லை. நடந்துவிட்டார்.

அன்று ராத்திரியே உன் விலாசத்தை அரைத்தாளில் பெரிய எழுத்தில் எழுதி, அவருடைய மானிட்டருக்கு முன்னால் நிற்க வைத்துவிட்டேன். ஏழு நாளாகிறது. அவர் எடுத்துப் படித்ததை நான் பார்க்கவில்லை. கிழிக்கவும் இல்லை. காலையில் மேசையைத் துடைக்கும்போது அதைத் தூக்கி, அடியில் துடைத்துவிட்டு, திரும்ப அதே இடத்தில் நேராக நிற்க வைக்கிறார்.

தங்கை